முதலில்

நான் குழுவின் குறிப்பெழுத்தாளன்.
பேசுவது என் வேலையில்லை.
வால்பராய்சோவில், கடல் தெரியாத ஓர் அறையில்,
பதினோரு வருடமாகப்
பிறர் சொன்னதைத் தட்டச்சு செய்கிறேன்.
இருமினால் விட்டுவிடுவேன்.

டெலியா மார்டோனெஸ் வந்த முதல் நாள்
மேசைமேல் இருந்த கண்ணாடிக் கூஜாவையே
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அதையும் விட்டுவிட்டேன்.

அவள் ஊர் லாஸ் பத்தாகுவாஸ்.
வரைபடத்தில் ஆறு நீலமாக ஓடுகிறது.
பாலமும் உண்டு, கைப்பிடிக்குப் புதுப் பெயின்ட்.
கீழே பையன்கள் பந்தடிக்கிறார்கள்.
மலைச்சரிவில் மட்டும் அவகாடோ மரங்கள்
எண்ணெய் பூசிய இலைகளோடு நிற்கின்றன.
அந்தத் தோட்டங்களுக்குப் பத்திரம் இருக்கிறது:
விநாடிக்கு இத்தனை லிட்டர்.
காணி நிலம் இல்லாதவனும்
நீரை வாங்கலாம், விற்கலாம், அடகு வைக்கலாம்,
மகன் பேருக்கு எழுதிவைக்கலாம்.

அவள் தெருவுக்கு வியாழக்கிழமை லாரி.
ஆளுக்கு ஐம்பது லிட்டர்,
டிரைவருக்குக் காய்ச்சல் இல்லாவிட்டால்.

சட்டமுன்வடிவின் ஐந்தாம் பிரிவில்
அவள் ஒரே ஒரு சொல்லைக் கேட்டாள்.
‘நீர், முதலில், மனிதர் குடிக்கவும் கழுவவும்.’

தோட்டக்காரர் சங்கத்து வக்கீல்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
“முதலில் என்பதற்கு வரையறை இல்லையே, அம்மணி.”

“எங்கள் வீட்டில் இருக்கிறது” என்றாள்.
“கீரை கழுவிய நீரில் மகன் குளிப்பான்.
அவன் குளித்த நீரில் தரை துடைப்பேன்.
துடைத்தது கக்கூஸுக்கு.
ஒரே வாளி, நான்கு வேலை.
எது முதலில் என்று
அவனுக்கு ஏழு வயதிலேயே தெரியும்.”

யாரோ சிரித்தார்கள்.
யாரென்று எழுதினேன்.

மார்ச்சில் அந்தச் சொல்லை அடித்தார்கள்.
ஜூலையில் நுழைத்தாள்.
ஆகஸ்டில் பின்னிணைப்புக்குத் தள்ளினார்கள்.
அரசு கவிழும் என்று பேச்சு அடிபட்ட வாரம்
சத்தமில்லாமல் திரும்ப வந்தது,
கூடவே ஒரு துணையோடு:
‘இயன்றவரை முதலில்.’

அன்றுதான் அவள் குரல் உயர்ந்தது.
“இயன்றவரையை எடுங்கள்.
தாகத்துக்கு இயன்றவரை கிடையாது.”
அவை மரபு கருதி
‘உறுப்பினர் ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று போட்டேன்.
அதற்காக அன்றிரவு
எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பேரம் நள்ளிரவு தாண்டி முடிந்தது.
புதுப் பத்திரங்களுக்கு முப்பது வருட ஆயுள்.
பழையவை என்றென்றைக்கும்.
பதிலுக்கு ‘இயன்றவரை’ போகும்.
தலையை ஆட்டினாள். ஒரு தடவைதான்.
ஒத்துக்கொண்டாளா, களைத்துப்போனாளா,
எனக்கு இன்றுவரை தெரியாது.

சட்டம் நிறைவேறிய மறுநாள்
ஊரில் அவள் அலுவலகச் சுவரில்
கரிய எழுத்தில் யாரோ எழுதினார்கள்:
எங்களை விற்றவள்.
பக்கத்திலேயே ஒரு சின்ன அம்புக்குறி,
வாசலைக் காட்டி.
எழுதியவன் அவள் சித்தப்பா மகன் என்றார்கள்.
இரண்டு தேர்தலுக்கு
அவளோடு போஸ்டர் ஒட்டியவன்.

பிரதி அச்சுக்குப் போகுமுன்
என் மேசைக்கு வந்தாள்.
“இயன்றவரை போய்விட்டதா?”
போய்விட்டது.
“இன்னொரு முறை பாருங்கள்.”
பார்த்தேன். முப்பத்தொன்பதாம் பக்கம், இரண்டாம் வரி.
விரலை அங்கே வைத்தாள்,
ஈரம் இருக்கிறதா என்று
சுவரைத் தொட்டுப் பார்ப்பவர்கள் போல.

பிறகு கேட்காமலே
கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றி
நின்றபடி குடித்தாள், முழுவதும்.
அத்தனை மாதத்தில் முதல் தடவை.

கோடை முடிந்து
அடுத்த கூட்டத்தொடர் தொடங்கியபோது
ஒரு தாளை நீட்டினாள்.
திருத்தத்துக்கான முன்மொழிவு.
மேலே தேதி, கீழே கையெழுத்து,
நடுவில் ஒற்றைச் சொல்:
பழையவையும்.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.
நான் தட்டத் தொடங்கினேன்.