மூன்று கால்

நூலகக் கூரை ஒழுகுவதால்
தீயணைப்பு நிலையத்தில் வகுப்பு.
குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்தும் உயரமான அறை,
ஆளுக்கொரு முகமூடி, ஒரு வாளித் தண்ணீர்.
வெளியே மார்ச் மாதப் பனி,
ஓரமெல்லாம் அழுக்கு.

சைமி ஆளுக்கொரு மாக்கல் தந்தாள்.
யூக்கா குவாரியில் அடுப்புக்கு அறுத்ததில் மிஞ்சியவை.
பார்க்க ரொட்டி மாதிரி இருந்தது,
தூக்கும் வரை.
“உள்ளே என்ன இருக்கிறது என்று கல்லைக் கேட்காதீர்கள்.
உள்ளேயும் கல்தான்” என்றாள்.
அரத்தைத் தள்ளும்போது அழுத்தம்,
இழுக்கும்போது சும்மா.
பாடம் முடிந்தது.

நகம் பட்டாலே கோடு விழுகிறது.
இவ்வளவு இளகிய கல்லை நான் நம்பவில்லை.

தபால்காரர் ஓய்வா கரடி என்றார்.
மார்கெத்தா, யோசிக்காமல், சோப்பு டப்பா.
நான் முயல்.
வேய்யோ கேள்வியே காதில் விழாதவன் போல் அராவ,
தூலிக்கி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி
தொடங்காமலே இருந்தாள்.
அரை மணியில் எல்லார் இமையிலும் மாவு,
எல்லாருக்கும் எழுபது வயது.
ஓய்வாவுக்கு ஏற்கெனவே.

அப்போதுதான் இரண்டு பைகளில்
ஒரே நேரத்தில் அலறல்.
வேய்யோவும் தூலிக்கியும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார்கள்.
பெரிய கதவு மேலேறியது. குளிர் உள்ளே பாய்ந்து
தூசி முழுவதையும் கிளப்பியது.
கண் தெரியாத அந்த நிமிடத்தில்
என் முயலின் முன்னங்கால் ஒன்று
மேசையில் உருண்டுகொண்டிருந்தது.

பசை இருக்கிறது என்றாள் மார்கெத்தா.
படுத்திருக்கும் முயலாக்கிவிடு என்றாள் சைமி.
வேண்டாம்.
நான் பிடித்த முயல் இது.

அதன்பின் யாரும் சத்தமாக அராவவில்லை.
ஏரிச் சாலையில்தான் மார்கெத்தாவின் வீடு.
இரண்டு முறை போன் செய்தாள்.
“அம்மா, விளையாடிட்டிருக்கேன்” என்று
இரண்டு முறையும் மகன் எரிந்து விழ,
அவள் முகமூடிக்குள் சிரித்தது
கண்ணில் தெரிந்தது.
காலியான இரண்டு இடங்களில்
இரண்டு கற்கள்.
வேய்யோவின் கல்லில்
ஒரு கட்டைவிரல் பதியும் அளவுக்குப் பள்ளம்.
பக்கத்தில் இருந்தும்
யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஓய்வா மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.
பெயர்தான் ஓய்வா.

திரும்பி வந்தபோது புகை நாற்றம், ஈர பூட்ஸ்.
“புகைபோக்கிதான். பூனையையும் சேர்த்து
எல்லாரும் வாசலில் நிற்கிறார்கள்” என்றான் வேய்யோ.
தூலிக்கி உட்கார்ந்தாள்.
“நான் எங்கே விட்டேன்?”
“நீ தொடங்கவே இல்லை” என்றாள் சைமி.
பரவாயில்லை என்று அரத்தை எடுத்தவள்
ஒன்பது மணி வரை ஒரு பக்கத்தை
வழவழப்பாக்கினாள், அவ்வளவுதான்.
அது என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

கடைசியில் வாளியில் முக்கினோம்.
சாம்பல் நிறக் கல்
ஏரியின் அடி போலக் கரும்பச்சையாகி,
மேசையில் வைத்ததும்
மெல்ல மெல்லப் பழையபடி வெளுத்தது.
இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.
திரும்பவும் முக்கினேன்.

ஓய்வாவின் கரடி தேய்ந்து
கட்டெறும்பாகியிருந்தது, பட்டன் அளவு.
என் முயல் முகம் குப்புற விழ விழ,
அவர் எறும்பைக் கால் இல்லாத இடத்தில்
முட்டுக் கொடுத்தார்.
நின்றது.
திரும்பக் கேட்காமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

வண்டியைத் தாண்டி வெளியேறும்போது பார்த்தேன்:
சிவப்புக் கதவில், கைப்பிடிக்கு மேலே,
வெள்ளையாக ஐந்து விரல்.
தூலிக்கியுடையதா வேய்யோவுடையதா தெரியவில்லை.
அடுத்த வியாழனும் இருந்தது.