பதினொரு சென்டிமீட்டர்

தபாலில் வந்தது வெண்கலம்.
பழுப்பு உறை, உள்ளே குமிழ்க் காகிதம்.
கையெழுத்து வாங்கிய பையனின் விரலில்
ஹாட் டாக் தின்ற கடுகு மஞ்சள்.
"மருந்தா?" என்றான்.
"பதக்கம்."
"அட, வாழ்த்துகள்" என்று வேனைக் கிளப்பினான்.

ஜூலையில், அகுரேரி மைதானத்தில்,
இரவு எட்டு மணிக்கும் வெயில் இறங்கவில்லை.
குடாவிலிருந்து ஏறி வந்த காற்று
லூபின் பூக்களை ஒரு பக்கமாய்ச் சீவி விட்டிருந்தது.
நூறு மீட்டர் ஓடுகிறவளுக்குக் காற்றை அளப்பார்கள்.
கூடினால் சாதனைக் கணக்கில் சேராது.
ஈட்டிக்கு அந்த வழக்கம் இல்லை.
எறி.
எது தூக்கிக்கொண்டு போனாலும் உன் தூரம்தான்.

நாற்பத்தாறு மீட்டர் பதினெட்டு, நான்.
அடுத்து ஸ்வாலா, எய்விந்தின் மகள்.
ஆறு வருடம் முந்திய பட்டியலில், வேறொரு பக்கத்தில்,
எய்விந்தின் மகன்.
ஸ்வாலா என்றால் தகைவிலான்.
எங்கள் தீவுக்கு எப்போதாவது வழிதவறி வரும் பறவை.
பெயரை அவளேதான் தேர்ந்தெடுத்தாள்.

நாற்பத்தாறு இருபத்தொன்பது.

நாடா பிடித்தவர் குனிந்து இரண்டு முறை பார்த்தார்.
நாடாவுக்கு என்ன தெரியும்.

பதினொரு சென்டிமீட்டர் எவ்வளவு என்று
வீட்டில் மேசைமேல் அளந்து பார்த்தேன்.
ஒரு கரண்டிக் காம்பு.
அதற்குள் மடித்து வைத்திருந்தேன்
தோளில் இரண்டு அறுவையை,
மீன் ஆலையின் விடியற்காலை ஷிப்டை,
தகரக் கொட்டகைக்குள் வலையைப் பார்த்து எறிந்த
பதினான்கு குளிர்காலத்தை.

மனு என்னிடம் வந்தபோது
மூன்று கையெழுத்து ஏற்கெனவே இருந்தது.
நான்காவது இடம் எனக்குப் பழகியதுதான்.
போட்டேன்.
வெறுப்பில் இல்லை. இப்படி எழுதும்போதே
சாக்கு போலக் கேட்கிறது.
பதினெட்டு வயது வரை அவள் எலும்பு வேறு தண்ணீர் குடித்தது
என்று நம்பினேன்.
இன்றும் நம்புகிறேன்.

ஆனால் மனுவின் ஆறாவது வரியில்
உயரம், தோளகலம், கை நீளம் என்றிருந்தது.
என் கை அவள் கையைவிட
மூன்று விரற்கடை கூடுதல்.
துடுப்புப் போட்டே செத்த ஆண்களின் கை,
தகப்பன் வழியாக எனக்கு இறங்கியது.
அதற்கு யாரும் என்னிடம் சீட்டுக் கேட்டதில்லை.
அவளிடம் இரத்தம் கேட்டார்கள்.
மாதம் தவறாமல் கொடுத்தாள்.
எண் சரியாகத்தான் இருந்தது.
அக்டோபரில் எண்ணை மாற்றினார்கள்,
ஜூலைக்கும் சேர்த்து.

நவம்பரில் நீச்சல் குளத்தின் வெந்நீர்த் தொட்டியில்
கழுத்து வரை நனைந்து கிடந்தேன்.
தலைமயிரில் பனி விழுந்து உறைந்தது.
எதிரே ஒருவர் மீன் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார்.
ஸ்வாலா வந்தாள். இடம் இருந்தது, உட்கார்ந்தாள்.

"வந்துவிட்டதா?"
"வந்தது."
"பின்னால் பெயர் பொறித்திருக்கிறார்களா?"
"இல்லை."
"என்னுடையதிலும் இல்லை" என்றாள்.

கொஞ்ச நேரம் எடுத்தது எனக்கு.
அவள் திருப்பி அனுப்பவேயில்லை.
கூட்டமைப்பு அலமாரியில் இருந்து
இன்னொன்றை எடுத்து ஒட்டி அனுப்பியிருக்கிறது.
ஒரே கரண்டிக் காம்புக்கு
இந்த ஊரில் இப்போது இரண்டு வெண்கலம்.

சிரித்தது யார் முதலில் என்று தெரியவில்லை.
சீக்கிரமே நின்றும் போனது.

"கோடையில் எறிவாயா?" என்று கேட்டேன்.
"எந்தப் பட்டியலில்?"

மீன்விலைக்காரர் பேச்சை நிறுத்தியிருந்தார்.
ஆவி எங்களுக்கு நடுவே அகலமாக எழுந்தது.
நான் போட்ட கையெழுத்தை அவள் பார்த்திருப்பாள்.
கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எழுந்து போகையில் என் வலது பக்கத்தைப் பார்த்து,
"தோளை வெளியே வைக்காதே,
இறுகிவிடும்" என்றாள்.

அமிழ்த்தினேன்.
வலி அப்படியே இருந்தது.