இருபது விநாடி

சிலிண்டர் மூடியைக் கழற்றியதும்
முதலில் குனிவது என் மூக்குதான்.
பாபநாசம் ஏஜென்சியில் பதினோரு வருஷம்
அதற்கென்று தனிச் சம்பளம் கேட்டதில்லை.

ஆனியில் வந்த காய்ச்சல்
போகும்போது அதைக் கொண்டுபோனது.
பிறகு சோப்பு நுரை தடவி
குமிழ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்,
காது கேளாதவன் உதட்டைப் படிப்பதுபோல.

கும்பகோணத்து டாக்டர் நாலு குப்பி எழுதினார்:
கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ்.
காலையும் மாலையும்
ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி.
'மூக்குக்கும் டியூஷன் வைக்கணும்' என்றார்.
ஒரு வாரத்து டிப்ஸ் குப்பிக்குள் போனது.

கண்ணை மூடிக்கொள்வேன்.
தையல்நாயகி மாற்றி மாற்றி நீட்டுவாள்.
'இது?'
'ரோஜா.'
'கிராம்பு. பேசாம நாளைக்குப் பாப்போம்.'

குப்பியோடு வந்த தாளில் படித்தேன்,
எலுமிச்சைத் தோலுக்குள் எண்ணெய்ப் பைகள் உண்டென்று.
தோலை அடுப்புச் சுடர் பக்கம் வளைத்துப் பிதுக்கினேன்.
சடசடவென்று பொறி.
அட, நீயும் நம்ம ஆள்தானா!
வாசனையைக் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

வேலி நொச்சியை ஆடு கடிப்பதில்லை.
நமக்கென்றா அது இலைக்குள் எண்ணெய் சேர்க்கிறது?
செடி திட்டுவதைத்தான்
நாம் மணம் என்கிறோமோ என்னவோ.
எங்கள் வாயுவுக்கும் சொந்த நாற்றம் கிடையாது,
ஆள் பிழைக்கட்டும் என்று கலந்து அனுப்புகிறார்கள்.

ஐப்பசி அடைமழையில்
கிராம்பு, கருகிய டயராக வந்தது.
போனில் சொன்னேன்.
'நல்லது, நரம்பு முதலில் உளறும்' என்றார் டாக்டர்.
குடமுருட்டி கரை தொட்டு ஓடியது;
அந்தச் செம்மண் தண்ணீருக்கு
என்ன வாசம் என்று பாலத்தில் வண்டியை நிறுத்தி
யாரைக் கேட்பது?

தை பிறந்து நாலாம் நாள்,
ராஜகிரி, ஜுனைதா பேகம் வீட்டு அடுப்படி.
சீலை அறுத்து மூடியைக் கழற்றுகிறேன்,
குப்பென்று
அழுகின முட்டை, அழுகின வெங்காயம்,
பதினோரு வருஷத்து நாற்றம் மொத்தமும்!
'ஏண்ணே தனியா சிரிக்கிறீங்க?'
'வாஷர் போயிருக்கும்மா' என்றேன்.
ஜன்னலைத் திறந்து விட்டு
புது வாஷர் போட்டேன்.
சோப்பு நுரையும் தடவினேன், பழக்கதோஷம்.

ராத்திரி ஆசையாய் எலுமிச்சையைத் திறந்தேன்.
ஒன்றுமில்லை.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
தையல்நாயகி அடுத்ததை நீட்டினாள்.
ரோஜாவாக இருக்கும்.
யூகலிப்டஸாகவும் இருக்கலாம்.