உள்தையல்

முதல் தடவை பேனாவைத் தந்தது
ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில்.
கோட்டை விட்டுக் கீழே வழுக்கிப் போனது
என் கையெழுத்து.
மேலே என்ன எழுதியிருந்ததென்று
நாலு வருடம் நான் கேட்கவில்லை.
பிள்ளைதான் நல்லபடியாய் வந்துவிட்டானே,
அப்புறம் என்ன கேள்வி.

இப்போது முப்பத்துநாலாவது வாரம்.
சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு டாக்ஸி மாறி
டர்பன் ஆஸ்பத்திரியின் மரப்பெஞ்சில்
டோக்கன் எண்பத்தொன்று.
ஜன்னல் கம்பியில் ஒரு குரங்கு
யாரோ வைத்த ரொட்டியில்
ஓரத்தை மட்டும் தின்கிறது.

இளம் டாக்டர் ஏட்டைத் திறக்காமலே சொன்னார்:
"முன்னே ஆபரேஷன்தானே? இதுவும் அதுதான்.
தேதி போட்டுத் தருகிறேன்."

பதினோரு வருடம் ஜேக்கப்ஸில், தையல் ஆலையில்,
கடைசி மேசையில் இருந்தவள் நான்.
வெளித்தையல் எத்தனை நேராய் ஓடியிருந்தாலும்
உள்ளே புரட்டிப் பார்க்காமல்
ஒரு உருப்படியைத் தேற்றி அனுப்பியதில்லை.

"தோலில் இருப்பது குறுக்குக்கோடு டாக்டர்.
தினமும் சோப்புப் போடுகிறேன், தெரியும்.
கருப்பையில் எப்படி வெட்டினார்கள்?
குறுக்கேயா, நெடுக்கேயா?"

அவர் பேனா நின்றது.
பழைய ஏடு வேறொரு ஆஸ்பத்திரியில்.
வரட்டும், இருக்கிறேன் என்றேன்.
மார்கன் முழங்கையை இடித்தான்:
"லோகெஸ், டாக்டருக்குத் தெரியாததா?"
அவருக்குத் தெரியலாம்.
வயிறு என்னுடையது, எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு வந்தது,
சிஸ்டர் நொம்தண்டாசோவின் போனில் படமாக,
சாய்ந்த கிறுக்கலில்:
கீழ்ப்பகுதி, குறுக்கே, இரண்டு அடுக்கு.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
தானாய் வலி கண்டு முயன்றால்
தழும்பு பிரிவது ஆயிரத்தில் ஐந்து பேருக்கு.
பிரிந்தால் நிமிஷக்கணக்கு,
அதனால் தியேட்டருக்குப் பக்கத்தில்தான்.
முயன்ற பத்துப் பேரில் மூன்று பேர்
கடைசியில் கத்திக்கே போவார்கள்.
கத்தியே போதுமென்றால் நாள் நிச்சயம்,
ஆனால் அடுத்த பிள்ளைக்கு
நஞ்சு தழும்போடு ஒட்டிக்கொள்ளலாம்.

எதையும் இனிக்கச் சொல்லவில்லை.
மிரட்டவும் இல்லை.

"நீங்களாயிருந்தால்?"
"நான் நீயில்லை."
இரத்த அழுத்தப் பட்டையைச் சுருட்டி வைத்த பிறகு
சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"எனக்கு இரண்டும் ஆபரேஷன்.
முதலாவதில் யாரும் கேட்கவில்லை."

படிவத்தைப் படிக்க இருபது நிமிஷம்.
வெளியே எண்பத்திரண்டு முனகினாள்,
முனகட்டும், அவளும் படிக்கட்டும்.
'என் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்தது.'
இல்லை, ஒன்று பாக்கி:
பாதி வழியில் நான் மனம் மாறினால்?
"மாறலாம். அந்த நொடியே."
அதை ஓரத்தில் எழுதச் சொன்னேன்.
எழுதினார்.
என் பெயரில் ஒரு எழுத்து தப்பு,
அதையும் அடித்துத் திருத்தினேன்.

டாக்ஸியில் பாட்டு அலறியது.
அதற்கு மேல் கத்தி மார்கன் கேட்டான்,
"அப்போ எது?"
தழும்புக்கு நேர் உள்ளே ஒரு உதை.
வலி தானாய்க் கண்டால் முயல்வேன் என்றேன்.
காணாவிட்டால்
நாற்பத்தோராம் வாரம்
திரும்பவும் என்னைக் கேட்கட்டும்.