இரட்டைச் சுழி

பீல் நகரத்தில், கால்வாய் பிரிகிற முனையில்,
சைக்கிள் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவே
இரண்டே நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை.
கண்ணாடி ஒன்றுதான்.
மற்ற நாற்காலி ஜன்னலைப் பார்த்திருக்கிறது.
எது வேண்டுமென்று உர்சினா கேட்பதில்லை.
எது காலியோ அது.

அன்று எனக்கு ஜன்னல்.

கைபேசியில் சேமித்திருந்த படத்தை நீட்டினேன்.
ஒரு நடிகை. காற்று
அவளுக்கு மட்டும் தனியாக வீசுகிறது.
உர்சினா பார்த்தாள், மரியாதையாகவே.
பிறகு போனை என் மடியில் கவிழ்த்துவிட்டு
"காலையில் தலைக்கு எத்தனை நிமிடம் இருக்கிறது
உங்களிடம்?" என்றாள்.

ஐந்து பத்துக்குப் பேருந்து. ஆறு மணிக்குத் தொழிற்சாலை.
கைக்கடிகாரத்துக்கு முள் பொருத்துகிறவள் நான்.
ஒரு மயிர் உள்ளே விழுந்தால்
யாருடைய மணிக்கட்டிலோ நேரம் நின்றுவிடும்.
ஆகவே நாள் முழுக்க வலைத்தொப்பி.
யோசித்துச் சொன்னேன்: நாலு.

அட்டையில் எழுதிக்கொண்டாள்,
நாலு.
வேறொன்றும் எழுதவில்லை.

தண்ணீர் தெளிக்கவில்லை.
நனைந்த முடி, வேலைக்கான நேர்முகத்தில் நாம் பேசுவதுபோலப்
பேசுமாம்.
காய்ந்த தலையை விரலால் கலைத்துவிட்டு
எழுந்து நடக்கச் சொன்னாள்.
கதவு வரை போனேன். திரும்பினேன்.
குனிந்து நிமிரச் சொன்னாள்.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இத்தனை கேட்டதில்லை.

உச்சியில் அவள் விரல் நின்றது.
"இங்கே இரண்டு சுழி."

தெரியும்.
இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்று
ஊர் வாய் சொல்லிவிடுமே என
அம்மா அதைப் பதினேழு வருடம்
எண்ணெயாலும் இறுக்கிய பின்னலாலும் மூடிவைத்தாள்,
சாதகத்தைவிடப் பத்திரமாக.
மூடித்தான் கட்டிக்கொடுத்தாள்.
(முதல் கல்யாணத்தைச் சொல்கிறேன்.)

இதை எந்த மொழியில் சொல்வது.
என் ஜெர்மன் சம்பளச்சீட்டு வரைக்கும் போகும்,
பிரெஞ்சு ரொட்டிக்கடையோடு நின்றுவிடும்.
சிரித்துவைத்தேன்.

"ஒன்று வலப்பக்கம் இழுக்கிறது, ஒன்று இடப்பக்கம்,"
என்றாள் உர்சினா.
"நான் யார் பக்கமும் பேசப்போவதில்லை.
நடுவில் கொஞ்சம் நீளம் விடுகிறேன்,
அவையே பேசிக்கொள்ளட்டும்."

கத்தரி அவசரப்படவில்லை.
ஒரு கொத்தை எடுப்பாள், யோசிப்பாள்,
வெட்டாமலே விட்டுவிடுவாள்.
ஜன்னலில் ஒரு வாத்து கால்வாயோடு போனது.
காதோரத்து நரையைக் காட்டி, சாயம்? என்றேன்.
"போட்டால் ஐந்து வாரத்தில் திரும்ப வருவீர்கள்.
வாடகைக்கு நல்லதுதான்," என்றாள்.
ஆனால் சாயப் புட்டி இருக்கவேண்டிய அலமாரியில்
அவள் தம்பியின் தேன் போத்தல்கள்.
சனிக்கிழமைகளில் கூட்டுறவுக் கடையில்
பாலாடைக்கட்டி வெட்டப் போகிறாளாம்.
அங்கே மட்டும் நேர்கோடு.

காசு கொடுக்கையில் சொன்னாள்:
"நாலு மாதத்துக்கு வராதீர்கள்.
இரண்டாவது மாதம் பிடிக்காமல் போகும்.
அப்போதும் வராதீர்கள். அது கடந்துபோகும்."
போத்தல் ஒன்று வாங்கிக்கொண்டேன், வெட்கமாயிருந்ததால்.

இப்போது காலையில் தலைக்கு ஒரு நிமிடம்.
மிச்ச மூன்றை என்ன செய்வதென்று முடிவாகவில்லை.
நேற்று பேருந்துக்கு ஓடாமல் நடந்துபோனேன்;
ஓட்டுநர் என்னை அடையாளம் காணவில்லை.
மாலை தொப்பியைக் கழற்றினால்
முடி கொஞ்ச நேரம் அப்படியே கிடக்கிறது,
ஷிஃப்ட் முடிந்தது தெரியாததுபோல.
பிறகு ஒவ்வொன்றாக எழும்புகிறது.

இரவு யோகேந்திரன் சாப்பிட்டுக்கொண்டே
என் தலையை எட்டிப் பார்த்தார்.
"உச்சியில ஏதோ எழும்பி நிக்குது."
இடக்கையால் படியவைத்துப் பார்த்தார்.
திரும்பவும் எழும்பியது.

"விடுங்கோ," என்றேன்,
"அது நீங்கள்தான்."