புறங்கைக் கணக்கு

ஹூசுமில் கடல்
நாளுக்கு இருமுறை வேலையை விட்டுப் போகும்.
போன கையோடு நானும் வீப்கேயும் இறங்குவோம்,
முழங்கால் வரை ரப்பர்,
தோளில் சல்லடை, ஒரு சதுர அடி இரும்புச் சட்டம்.

சேற்றின் மேல் பழுப்பு மினுக்கம்.
கப்பல் எண்ணெயா என்று முதல் நாள் கேட்டேன்.
பாசி, என்றாள். வெயிலைக் குடித்துவிட்டுக் கிடக்கிறது.
அதை மேய்வது மிளகளவு நத்தை.
ஒரு சட்டத்துக்குள் ஆயிரத்து நானூறு வரை எண்ணினேன்,
அதற்குமேல் விரல் விறைத்து எண் தவறிப் போனது.
நத்தையை உள்ளான் தின்னும்.
உள்ளானை,
இருங்கள், அது வியாழக்கிழமை.

ஆய்வகத்தில் என் வேலை எரிப்பது.
ஓடு நீக்கி, உலர்த்தி, இடித்து,
மாத்திரையாக அழுத்தி,
எஃகுக் குண்டுக்குள் வைத்து ஆக்சிஜன் நிரப்பி
ஒரு பொறி.
சுற்றியிருக்கும் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறதோ
அத்தனை வெயில் நத்தையிடம் மிச்சம்.

மார்ச் மாதக் கணக்கில்
பாசியில் நூறு,
நத்தையில் பதினொன்று,
உள்ளானில் கால்கூட இல்லை.
தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான், சரி.
இங்கே புறங்கைக்கே ஒன்பது பங்கு.
யார் நக்கியது?
அட்டவணையின் கடைசிப் பத்திக்கு
'இழப்பு' என்று தலைப்பு.
வீப்கே அதை முகம் மாறாமல் நிரப்புவாள்.

வியாழக்கிழமை கரை முழுக்க ஒரே சிறகாக எழுந்தது.
வல்லூறு நான்கு முறை விழுந்து நான்கு முறையும் காற்றைப் பிடித்தது.
ஐந்தாவது முறை பிடித்ததை
நாங்கள் வருவதைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போனது.

பைக்குள் போடக் குனிந்து எடுத்தேன்.
கையுறை இல்லை.
நெஞ்சு இன்னும் சூடாக இருந்தது.
காலையிலிருந்து என்னுடையதாக இல்லாத விரல்கள்
ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன,
சுண்டு விரல் கடைசியாக, வலித்துக்கொண்டு.
எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ.
தண்ணீர் திரும்புது, வா, என்று
வீப்கே இரண்டாம் முறை கத்தினாள்.

மறுநாள் அதையும் உலர்த்தி எரித்தேன்.
தண்ணீர் ஏறியது, குறித்தேன்.
விரலுக்கு வந்தது அதில் வராது.
நடுக்கம் வராது, நான்கு முறை தப்பியது வராது,
சைபீரியாவுக்குப் புறப்பட இருந்த அந்த மே மாதம் வராது.
அதெல்லாம் கடைசிப் பத்தி.

தலைப்பைப் பென்சிலால் லேசாக அடித்தேன்.
பதிலுக்கு ஒரு சொல் தோன்றவில்லை,
அப்படியே விட்டேன்.
வீப்கே பார்த்தாள்.
கடல் போயிடுச்சு, என்றாள், பூட்ஸை எடு.