ஒலிக்குத் தனி வாசல்

காயானி நகராட்சி, மூன்றாம் மாடி, ஆறு பார்த்த அறை.
மேசைமேல் மூன்று கறுப்புப் பெட்டிகள்.
பார்த்துவிட்டுத் தர வாங்கிய இரவல்.
வெள்ளிக்குள் இரண்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

என்சியோ ஒவ்வொன்றாய்க் கவிழ்த்து
முதுகைப் பார்க்கிறான்.
முகம் பார்த்து வாங்குகிறவன் ஏமாறுவான்,
ஸ்விட்சருக்கு முதுகில்தான் ஜாதகம்.

நான்கு மடிக்கணினிகள் உள்ளே வரலாம்,
ஒரு திரைக்கு வெளியே போகலாம்.
அது எல்லாப் பெட்டிக்கும் தெரிந்த வித்தை.
அவன் தேடுவது இன்னொரு துளை.

படமும் பேச்சும் ஒரே கம்பியில் வருகின்றன,
பாலும் நீருமாய்.
பிரித்துக் குடிக்கும் அன்னத்தை நம் கவிகள் பாடிவைத்தார்கள்.
இந்த நாட்டு ஒரு யூரோ நாணயத்தில்
அன்னங்கள் இரண்டு பறக்கின்றன,
அவற்றிடம் யாரும் அந்த வேலையைக் கேட்டதில்லை.

முதல் பெட்டி, அறுபத்தெட்டு யூரோ.
பேச்சுக்கு வாசலே கிடையாது.
டிவிக்குள் போகும், அங்கேயே தங்கும்,
அதன் பின்புறச் சின்ன ஸ்பீக்கர்களில்
சுவரோடு முணுமுணுக்கும்.

இரண்டாவது, நூற்று நாற்பது.
ஹெட்போன் துளை உண்டு.
ஆள் மாறும்போதெல்லாம் ‘டப்’பென்று ஒரு வெடி;
யாராவது கணினியைச் சினிமாக் கொட்டகை ஒலிக்கு வைத்திருந்தால்
துளை வாயை இறுக்கி மூடிக்கொள்ளும்.
காரணமும் சொல்லாது.

மூன்றாவது நானூற்றுப் பத்து.
பச்சை நிறத்தில் ஐந்து திருகுகள்,
ஒலியைக் கொஞ்சம் நிறுத்திவைக்க ஒரு குமிழ்.

“இந்த அறையில் யாரும் அவ்வளவு பேசுவதில்லையே,”
என்கிறார் கொள்முதல் பிரிவு உர்ப்போ.
உண்மைதான்.
போன வாரம் பட்ஜெட்டுக்கு நடந்த விவாதம்
ஒரு காபி ஆறும் நேரம்.

ஆனால் நவம்பரில்,
கோர்ப்பிலா பள்ளியை மூடும் தீர்மானம்.
அங்கிருந்து ஆன்சா என்ற பெண் திரையில் வந்தாள்.
பதினொரு நிமிடம் பேசினாள்.
ஹில்க்காவின் காதுக் கருவிக்கென்றே
கம்பளத்துக்கடியில் ஒரு செம்புக் கம்பி
அறையைச் சுற்றி ஓடுகிறது.
புது டிவி வந்த நாளிலிருந்து
அந்தக் கம்பிக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

ஹில்க்கா உதடுகளைப் பார்த்தார்.
மரியாதைக்குத் தலையசைத்தார்.
குறிப்பேட்டில் அது ‘ஆதரவு’ என்று ஏறியது.
ஒரு வாக்கு வித்தியாசம்.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு இரண்டு வரி இடம்.
என்சியோ பள்ளியைப் பற்றி எழுதி, அடித்து,
‘தனி ஒலி வெளியீடு தேவை’ என்று மட்டும் எழுதுகிறான்.
உர்ப்போ கையெழுத்துப் போடுகிறார்.
அடித்த வரியைப் படித்தாரா தெரியாது.

செவ்வாய்க்கிழமை பச்சைத் திருகுகளில் கம்பி ஏறியது.
திரைக்குப் படம் செரிக்க நேரமாகிறது,
ஒலிக்கு அந்த மந்தம் இல்லை.
இடி முந்தி, மின்னல் பிந்தி.
ஒருவர் கைதட்டும் காணொளியை ஓடவிட்டு
குமிழைத் திருப்புகிறான்:
நாற்பது, அறுபது, எண்பது.
எண்பதில்
உள்ளங்கைகள் ஓசையோடு சேர்ந்தன.

பரிசோதனைக்கு யாரைக் கூப்பிடுவது?
ஹில்க்கா ஓர் எண்ணைக் கொடுத்தார், பேரைச் சொல்லவில்லை.
திரையில் ஆன்சா.
பின்னால் சமையலறை, ஜன்னலில் பனி.
அவள் இவர்களைப் பார்த்தாள்.
எதுவும் பேசவில்லை.
இவர்களும்.

என்சியோ குனிந்து திருகுகளைத் தொட்டுப் பார்த்தான்.
உர்ப்போ கடிகாரத்தைப் பார்த்தார்.
ஹில்க்கா மட்டும் கையை உயர்த்தி,
“கேட்கிறது,” என்றார்.
“அவள் இன்னும் வாயே திறக்கவில்லை!”
“இல்லை.
அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் ஏதோ சரியில்லை.
முனகுகிறது.”